நாற்பத்திரண்டு புங்கங்கொட்டை

கருவேலங்காட்டு ஏரியில் கனகசபை என்று ஓர் ஆமை இருந்தது. அந்த ஏரிக்கு அதுதான் தலைவர்.

தலைவர் பதவி என்றால் சும்மா இல்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் மடைக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, எந்தக் கரை யாருக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். ஒரு வருஷத்துக்கு அதில் மாற்றம் கிடையாது.

அந்தப் பதவிக்கு வருஷா வருஷம் தேர்தல் நடக்கும். ஏரியைச் சுற்றி ஓட்டு உள்ள பிராணிகள் சரியாக நூறு. ஒவ்வொன்றும் ஒரு புங்கங்கொட்டையைக் கொண்டுவந்து, தனக்குப் பிடித்தவருடைய குழியில் போட வேண்டும். கொக்கு எண்ணிச் சொல்லும். யார் குழியில் அதிகமோ அவரே தலைவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற சட்டமெல்லாம் அங்கே இல்லை. அடுத்தவரைவிட ஒரு கொட்டை கூடுதலாக இருந்தால் போதும்.

போன வருஷம் கனகசபைக்கு ஐம்பத்தெட்டு கொட்டை. எதிர்த்து நின்ற காட்டுப்பன்றி கோரைப்பல்லனுக்கு நாற்பத்திரண்டு. பன்றி, பெருச்சாளி, நரி எல்லாம் ஒரு கட்சி. ஆமை, வாத்து, நண்டு, தவளை எல்லாம் இன்னொரு கட்சி. பல வருஷமாக இப்படியே ஓடியதால் கனகசபைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிற தலைக்கு அத்தனை கனம் எதற்கோ, எனக்குத் தெரியாது!

இந்த வருஷம் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது சொக்கி என்ற தவளை கனகசபையைத் தேடி வந்தது.

"அண்ணே, ஒரு குறை சொல்லணும்!"

"சொல்லு சொக்கி. சீக்கிரம் சொல்லு. வெயில் போயிடும்."

"கிழக்குக் கரை ஓரத் தண்ணியிலதான் எங்க பிள்ளைங்க கிடக்குது. எல்லாம் தலைப்பிரட்டைங்க. இன்னும் கால் முளைக்கலை. உங்க ஆளுங்க வெயில் காய அங்கேயேதான் ஏறி இறங்குறாங்க. நேத்து மட்டும் ஏழு பிள்ளை நசுங்கிப் போச்சு! ஒரே ஒரு மாசம் அந்தக் கரையை எங்களுக்கு விடுங்கண்ணே. கால் முளைச்சதும் நாங்களே காலி பண்ணிடுறோம்."

கனகசபை கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னது. "கிழக்கு வெயில் மாதிரி வருமா? என் முதுகுக்கு அதுதான் இதம்."

"அப்போ எங்க ஓட்டு?"

"உங்க ஓட்டு எங்கே போகும்? பன்றிக்கா போடப் போறீங்க? அவன் வந்தா கரையையே உழுது தள்ளிடுவான். எனக்குப் போடறதைத் தவிர உங்களுக்கு வேற வழியே இல்லை. போ, போ!"

சொக்கிக்குத் தொண்டையை அடைத்தது. தவளைக்கே தொண்டை அடைத்தது என்றால் எவ்வளவு வலித்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

இதையெல்லாம் கோரைப்புல்லுக்குள் இருந்த நரி கேட்டுக்கொண்டிருந்தது. அது பன்றிக்கு வலது கை. மெல்ல வந்து சொக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"தங்கச்சி, ஏன் அழறே? நீயே தேர்தல்ல நில்லேன்!"

"நானா?"

"உன் குரல் அக்கரை வரைக்கும் கேட்குது. உன்னைவிட யாருக்குத் தகுதி இருக்கு?"

"நின்னா ஜெயிப்பேனா அண்ணே?"

"நிக்காம யாராவது ஜெயிச்சிருக்காங்களா, சொல்லு!"

மறுநாள் காலையில் சொக்கி வேட்பாளர் ஆகிவிட்டது. பேசுவதற்குப் பெரிய தாமரை இலையை நரியே தூக்கி வந்தது. மூன்றாவது குழியைப் பெருச்சாளிகள் வந்து தோண்டிக் கொடுத்தன.

பக்கத்து வளையில் இருந்த நண்டுக்கு இது சரியாகப் படவில்லை. பக்கவாட்டில் நடந்து வந்து கேட்டது.

"சொக்கியக்கா, இந்தக் குழியைத் தோண்டினது யாரு?"

"பெருச்சாளிங்க."

"அவங்க ஓட்டு உங்களுக்குத்தானா?"

"இல்லையாம். அவங்க பன்றிக்குத்தான் போடுவாங்களாம்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்! கொஞ்சம் யோசிங்கக்கா!"

"ஏழு பிள்ளை நசுங்கினப்ப எனக்காக யாரு அழுதாங்க? ஓநாயாவது அழட்டும்!"

நண்டு வந்த வழியே போய்விட்டது.

அந்தப் பக்கம் கனகசபையின் கூடாரத்தில் கணக்கு நடந்தது. கணக்குப் போட்டது சிறகி என்ற வாத்து.

"தலைவரே, தவளைங்க மொத்தம் பதினாறு. அதுங்க மேல இரக்கப்படுற வாத்து மூணு. ஆக பத்தொன்பது. ஐம்பத்தெட்டுல பத்தொன்பது போனா நமக்கு முப்பத்தொன்பதுதான்! பன்றிக்கு நாற்பத்திரண்டு அப்படியே இருக்கு!"

"அதெல்லாம் கடைசி நாள்ல பயந்துக்கிட்டு நம்மகிட்டயே வந்துடும்."

"வராது தலைவரே! ஒரு மாசம் அந்தக் கரையை விட்டுக்கொடுத்துடுங்களேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

"இன்னிக்குத் தவளைக்குக் கொடுத்தா நாளைக்கு நத்தை வந்து நிக்கும். முடியாது!"

விட்டுக்கொடுக்கத்தான் மனசில்லை, வாயையாவது அடக்கியிருக்கலாம் அல்லவா? அதுவும் இல்லை. அன்று சாயங்காலக் கூட்டத்தில் கனகசபை கழுத்தை முழுசாக நீட்டிக்கொண்டு கத்தியது.

"தவளை தன் வாயால் கெடும்! தெரியுமில்ல?"

தவளைகள் சும்மா இருக்குமா? "ஆமை புகுந்த வீடு உருப்படாது! அது தெரியுமா உனக்கு?" என்று பதினாறும் ஒரே குரலில் திருப்பிக் கொடுத்தன.

அன்றிலிருந்து ஏரி முழுக்க இதே பேச்சு. காலையில் ஆமைகள் திட்டின, மாலையில் தவளைகள் திட்டின. பன்றியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது பாட்டுக்குச் சேற்றில் படுத்துக் குறட்டை விட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்?

தேர்தல் நாள் வந்தது. வாத்துகள் அலகில் கொட்டையைக் கவ்விக்கொண்டு வந்தன. தவளைகள் மூச்சு வாங்க உருட்டிக்கொண்டு வந்தன. ஒரு நண்டு கொட்டையைத் தவறவிட்டு, அது சரிவில் ஓட, நண்டும் பின்னாலேயே ஓடியது. உச்சி வெயில் ஏறும் முன்பே நூறு கொட்டையும் விழுந்துவிட்டன.

கொக்கு ஒற்றைக்காலில் நின்று எண்ணியது. பிறகு காலை மாற்றிக்கொண்டு மறுபடியும் எண்ணியது.

"சொக்கி, பத்தொன்பது! கனகசபை, முப்பத்தொன்பது! கோரைப்பல்லன், நாற்பத்திரண்டு! கோரைப்பல்லன்தான் தலைவர்!"

பன்றிக்கே அதை நம்ப முடியவில்லை.

"யோவ் கொக்கு! போன வருஷமும் எனக்கு நாற்பத்திரண்டுதானே? அப்போ தோத்துட்டேனே!"

"ஆமாங்க."

"இப்போ ஒண்ணுகூடக் கூடலையே!"

"கூட வேண்டிய அவசியம் வரலைங்க."

சொக்கி நரியிடம் ஓடியது. "நான் ஜெயிப்பேன்னு சொன்னியே!"

"நிக்கச் சொன்னேன் தங்கச்சி. ஜெயிப்பேன்னு எப்போ சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு நரி வாலை ஆட்டிக்கொண்டு போனது.

கோரைப்பல்லன் மடைக்கல்லில் ஏறியது. முதல் உத்தரவு அப்போதே வந்தது. "கிழக்குக் கரை எனக்கு! சாப்பிட்டு வந்ததும் அங்கேதான் புரளப் போறேன்!"

 "ஐயோ, என் பிள்ளைங்க!" என்று சொக்கி போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யார் முதலில் வந்தது தெரியுமா? கனகசபைதான்! தோற்ற அவமானம் ஒரு பக்கம், அந்த அழுகை ஒரு பக்கம். அதற்கு மனசு கேட்கவில்லை.

"அழுதுகிட்டு நிக்காதே சொக்கி! மேற்குப் பாறையில சுனை இருக்கு. பன்றியால அங்கே ஏற முடியாது. சிறகி, தாமரை இலையெல்லாம் எடு! ம், சீக்கிரம்!"

தவளைகள் தலைப்பிரட்டைகளைத் தண்ணீரோடு இலைகளுக்குள் தள்ளின. வாத்துகள் இலையின் ஓரத்தைக் கவ்வி ஏரியின் குறுக்கே இழுத்துக்கொண்டு போயின. பாறை வந்ததும் ஆமைகள் இலையை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் மேலே ஏறின. வேகமாகப் போகத் தெரியாது, ஆனால் ஆடாமல் போவதற்கு ஆமையைப் போல ஆள் உண்டா! நண்டுகள் வழியில் கிடந்த முள்ளை எல்லாம் நறுக்கித் தள்ளின.

கடைசி இலை கரையைவிட்டு நகர்ந்த நேரம், கோரைப்பல்லன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து தொப்பென்று விழுந்து புரண்டது. கிழக்குக் கரை முழுக்கச் சேறாகிவிட்டது. ஆனால் அங்கே ஒரு பிள்ளைகூட இல்லை.

பாறைச் சுனையில் கறுப்புக் கறுப்பாக வால்கள் நெளிந்தன. அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சொக்கி சிரித்துக்கொண்டே அழுதது.

பறந்து வந்து பக்கத்தில் இறங்கிய கொக்கு மட்டும் சிரிக்கவில்லை. "நான் எண்ணத்தான் லாயக்கு, ஞாயம் பேச எனக்குத் தெரியாது. ஆனா இத்தனை இலையை ஒண்ணாச் சேர்ந்து தூக்கின நீங்க, காலையில ஒரே குழியில கொட்டை போட்டிருக்கலாமே! ஐம்பத்தெட்டும் அப்படியேதானே இருந்துச்சு?"

 அந்தப் பாறையில் வெயில் சரியாக விழவில்லை. கனகசபை குளிர்ந்த கல்லில் காலை மடக்கி உட்கார்ந்தது.

"நீ ஒரு மாசம்தான் கேட்டே சொக்கி. நான் தரலை. இப்போ எனக்கு ஒரு வருஷம் போச்சு."

"உங்களைத் தோற்கடிக்கணும்னு நினைச்சேன் அண்ணே," என்றது சொக்கி. "பன்றியை ஜெயிக்க வைக்கணும்னு நான் நினைக்கவே இல்லையே!"

கூட இருப்பவரின் சின்னக் குறையைக் காது கொடுத்துக் கேட்காத பெரியவரும், அந்தக் கோபத்தில் தனியே பிரிந்து நிற்கும் சிறியவரும் ஒருவரையொருவர் தோற்கடிப்பதாக நினைத்து, இருவருக்கும் ஆகாதவனையே ஜெயிக்க வைத்துவிடுகிறார்கள்.