முடியாத ஆடி மாதம்

வெகு காலத்துக்கு முன்னே, ஆற்றுக்கு இந்தக் கரையில் நீலமங்கலம் என்றொரு சீமை இருந்தது. அதை ஆண்டவன் பொன்னம்பலராசன். நல்லவன்தான், குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் மகள் என்று வந்துவிட்டால் ஆள் சுத்தப் பித்துக்குளி.

மகள் செண்பகவல்லியைச் சித்திரையில் அக்கரைச் சீமை இளவரசன் வீரமலையனுக்குக் கட்டிக்கொடுத்தான். ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வருவது வழக்கமல்லவா, அவளும் வந்தாள். மாதம் முடிந்ததும் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வினை வந்தது அங்கேதான்.

ஆடி முப்பதாம் நாள், ராஜா சபையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "நாளை மறுநாள் போய்விடுவாளே!"

தினமும் சபையில் தேதி வாசிக்கிறவர் தாண்டவராயர். ராஜாவின் காதுக்குப் பக்கத்தில் இன்னொருத்தர் நின்றால் அவருக்கு வயிறு எரியும். இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார்.

"அரசே, மாதம் என்பது என்ன? கல்லா, மண்ணா? என்றைக்கோ யாரோ இத்தனை நாள் என்று சொன்னார், நாமும் எண்ணுகிறோம். அந்த 'யாரோ' தாங்களாகவே இருக்கக்கூடாதா?"

ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போடு முரசை! நான் போதும் என்று சொல்லும்வரை ஆடிதான்!"

ஆடி முப்பத்தைந்து ஆயிற்று, நாற்பது ஆயிற்று. எந்நேரமும் அதே காற்று, அம்மன் கோயிலில் அதே கூழ். அம்மனுக்கே அலுத்திருக்கும் போங்கள்! புது மாப்பிள்ளைகள் ஊருக்கு ஊர் தனியே திரிந்தார்கள். புதுப்பெண்கள் தாய்வீட்டு வாசலில் கோலம் போட்டார்கள். ஊரே பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. நிலா மட்டும் முரசு சத்தம் கேட்காததுபோல் தேய்ந்து, மறுபடி வளர்ந்தது. நாற்று பயிராகிப் பச்சை கட்டி நின்றது.

செண்பகவல்லி மாடத்தில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். காலைப் பனியில் அக்கரை மரங்கள் ஒரு கணம் தெரியும், மறுகணம் மறையும். அங்கே தனக்கொரு வீடு இருந்தது நிஜமா, கனவா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. "அப்பா, ஆடி எப்போது முடியும்?" என்று கேட்டால், "இப்போதுதானே வந்தாய்?" என்பான் ராஜா.

ஒரு நாள் வளையல்காரி காத்தாயி அந்தப்புரத்துக்கு வந்தாள். இளவரசியின் கையைப் பிடித்தவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தாயி, முழுகாம இருக்கீங்களா?"

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. "வைகாசியிலிருந்து. அவருக்கே இன்னும் தெரியாது, காத்தாயி. என் வாயால்தான் சொல்ல வேண்டுமென்று அடக்கி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் பிரசவம் முடியும்வரை விடவே மாட்டார்."

"அட, அழுவாதீங்க! நான் சபையில ஒரு வார்த்தை கேட்கிறேன். சேதி ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள நீங்க தாண்டிருவீங்க."

மறுநாள் தாண்டவராயர், "இன்று ஆடி மாதம் ஐம்பத்தெட்டாம் தேதி!" என்று முழங்கி முடிக்கவும், காத்தாயி கூடையோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. திரைக்குப் பின்னால் செண்பகவல்லி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"மகாராசா, தாத்தா ஆகப்போறீங்க! இளவரசி வைகாசியிலேருந்து முழுகாம இருக்காங்க! ஏழாம் மாசம் வளைகாப்புக்கு எந்தத் தேதியில வளையல் கொண்டாரட்டும்?"

ராஜா சிம்மாசனத்தைவிட்டுத் துள்ளி எழுந்தான். "என் பேரப்பிள்ளையா! தாண்டவராயரே, சீக்கிரம் கணக்குப் போடும்!"

தாண்டவராயர் விரல் மடக்கினார். "வைகாசி ஒன்று, ஆனி இரண்டு, ஆடி மூன்று. இது மூன்றாம் மாதம்."

"நாளைக்குங்க?" என்றாள் காத்தாயி.

"மூன்றாம் மாதம்."

"அடுத்த பௌர்ணமிக்கு?"

"ஆடி இருக்கும்வரை மூன்றாம் மாதம்தான்!" என்றார் அவர் மீசையைத் தடவியபடி.

"அப்போ பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இங்கே நடந்துவந்து அந்த மீசையைப் பிடிச்சு இழுத்தாலும் மூணாம் மாசந்தானுங்களா?"

சபை குலுங்கிச் சிரித்தது. தாண்டவராயர் சிவந்துபோய், "வளைகாப்பு எதற்கு? இளவரசி இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்!" என்றார்.

"புருஷன் வீட்டுல வளையல் பூட்டி, அங்கேருந்துதானே தாய்வீட்டுக்கு அழைச்சு வரணும்? அழைச்சு வர, அவங்க அங்கே இருக்க வேணாமா?" காத்தாயி ராஜா பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "மகாராசா, வயித்துப் பிள்ளையும் நிலாவும் பயிரும் எண்ணுறதுதான் மாசம். அதுங்களுக்கு உங்க முரசு கேட்காது. மாசத்தை விட்டீங்கன்னா ஏழாம் மாசம், கார்த்திகையில, மக திரும்பி வருவா. நீங்க பிடிச்சு வெச்சிருக்கிறது அவ திரும்பி வர்ற நாளை."

ராஜா இறங்கிக் காத்தாயியின் பக்கத்தில் வந்தான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயியின் கழுத்தில் போட்டான். "ஆடி போதும்! இன்றைக்கே ஓடத்தைத் தயார் செய்யுங்கள். தாண்டவராயரே, உமக்கு ஒரு மாதம் சிறை."

தாண்டவராயர் கைகட்டி நின்று, "அரசே... அரண்மனை மாதமா, நிலா மாதமா?" என்று கேட்டார்.

"உமக்கு எது வேண்டும்?"

"நிலா மாதமே போதும், அரசே!"

சபையோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் செண்பகவல்லி ஓடத்தில் ஏறிவிட்டாள். படித்துறையில் நின்ற ராஜா, "காத்தாயி, கார்த்திகைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்றான்.

"ரெண்டு மாசத்துக்கு மேலே இருக்குங்க."

"அவ்வளவா? புரட்டாசியையும் ஐப்பசியையும் சேர்த்து ஒரே மாதமாக்கிவிட்டால் என்ன?"

"தாராளமா ஆக்குங்க. உள்ளே இருக்கிற பேரப்பிள்ளைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

ராஜா இரண்டு படி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, மகளின் வயிற்றைப் பார்த்துக் குனிந்து நிஜமாகவே கேட்டான். செண்பகவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒத்துக்கொள்ளவில்லை அப்பா" என்றாள். ஓடம் நகர்ந்தது. நீலமங்கலத்து ராஜா புரட்டாசியையும் ஐப்பசியையும் மற்ற அப்பன்மார்களைப் போலவே ஒவ்வொரு நாளாக எண்ணிக் கழித்தான்.