மேலே இருந்த காரணம்

"அம்மா, மனுசன் பொய் சொல்லுவான். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

கேட்டவர் பரஞ்சோதி. நூல் மில்லுக்கு மேனேஜர்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் தவமணி அம்மா பஞ்சுத்திரி திரித்துக்கொண்டிருந்தாங்க. வயசில் அவரைவிடச் சின்னவங்கதான். ஆனாலும் மனசு குழம்பினால் அவர் இங்கேதான் வருவார்.

"யார் பொய் சொன்னது?"

"எலக்ட்ரீசியன் இருளப்பன். மில்லு முழுக்க ஒரே சாப்ட்வேர் போட்டிருக்கோம். மிஷின் நின்னா, ஏன் நின்னுச்சுன்னு திரையில இருக்கிற காரணங்கள்ல ஒண்ணைத் தொடணும். தொட்டாத்தான் மறுபடி ஓடும். போன மாசம் இருநூறு தடவை நின்னிருக்கு. அதுல நூத்தி எண்பது தடவை கரண்ட் கோளாறுன்னு காட்டுது. இவன் என்னடான்னா, கரண்ட் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சாதிக்கிறான்."

"அதனால?"

"சாயங்காலம் அவனை வேலையை விட்டு நிறுத்தப்போறேன். இருபது வருசமா இருக்கிறவன். மனசு கேட்கலை. அதான் வந்தேன்."

அம்மா ஒரு சிலேட்டை எடுத்தாங்க. ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு வார்த்தை எழுதினாங்க.

பசி. தாகம். மழை. வழி தெரியவில்லை.

"ஏன் வந்தீங்க? இதுல தொடுங்க."

"இப்பத்தானேம்மா சொன்னேன்."

"தொட்டாத்தான் மேல பேசுவேன்."

அவர் வெளியே பார்த்தார். நல்ல வெயில். சிலேட்டில் மேலே இருந்ததைச் சட்டென்று தொட்டார்.

ஒரு சொம்பு கம்மங்கூழ் வந்தது.

அவர் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர். மறுக்க முடியவில்லை. குடித்தார்.

"அம்மா, இருளப்பன் விசயம்..."

சிலேட்டு மறுபடி நீண்டது. தொட்டார். மறுபடி கூழ்.

மூணாவது சொம்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வயிறு வெடிச்சிரும்மா! எனக்குப் பசியே இல்லை!"

"தொட்டது நீங்கதானே?"

"நான் வந்த காரணம் அதுல எங்க இருக்கு? பேச்சு நடக்கணுமேன்னு மேலே இருந்ததைத் தொட்டுட்டுப்..."

பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா திரியை எடுத்துத் திரிக்க ஆரம்பிச்சாங்க.

அவர் நேராக மில்லுக்குப் போனார். ஆபீசுக்குள் நுழையவில்லை. மிஷின்கள் ஓடுகிற இடத்துக்குப் போனார். அங்கே ஒரு மிஷின் நின்றிருந்தது. வேலை பார்க்கும் மாரிக்கனி, பார்க்காமலே திரைக்குக் கையைக் கொண்டுபோனாள்.

அவர் குறுக்கே கையை வைத்துத் திரையை மறைத்தார்.

"ஏன் நின்னுச்சும்மா?"

அவள் பயந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"சும்மா சொல்லு."

"பஞ்சு ஈரமா வருது சார். உருளையில சுத்திக்குது. ஆறு மாசமா இப்படித்தான்."

"அப்புறம் எதுக்குக் கரண்ட்டுன்னு தொடுறீங்க?"

"ஈரப் பஞ்சுன்னு அதுல இல்லையே சார். கரண்ட்டுதான் மேலே இருக்கு."

"அந்த இருளப்பனுக்கு வேலை போகப்போகுது. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மாரிக்கனி தலை குனிந்துகொண்டாள்.

"பஞ்சு வாங்குறது நீங்கதானே சார்."