வரப்பு எலியைக் குறை சொல்லப் போன தூக்கணாங்குருவி

கிணத்து மேல சாஞ்ச கருவேல மரத்துல ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கிட்டிருந்துச்சு. பேரு சிங்காரம். நெஞ்சுல மஞ்சக் கலர் ஏறுனதுல இருந்து அதுக்குத் தலைகால் புரியல.

இந்தக் குருவிங்க வழக்கமே தனி. ஆண் குருவி பாதிக் கூடு கட்டிட்டுக் காத்திருக்கணும். பொட்டைக் குருவி வந்து அலகால இழுத்துப் பாக்கும். புடிச்சா குடித்தனம். புடிக்கலைன்னா அந்த வருசம் ஐயா ஒண்டிக்கட்டை. புல்லு பச்சையா இருக்கறப்பவே பின்னிரணும். காஞ்சா முடிச்சு நிக்காது.

மரத்துக்குக் கீழ வரப்புல ஒரு வயல் எலி வளை தோண்டிக்கிட்டிருந்துச்சு. பேரு தொந்தியப்பன்.

சிங்காரம் வேலையை அப்படியே தொங்க விட்டுட்டு இறங்கி வந்துச்சு.

"ஏண்டா தொந்தி, இதுக்குப் பேரு வீடா? காத்து எங்கடா வரும்?"

"காத்து வந்தா பாம்பும் வரும்ணே." எலி மண்ணைத் தள்ளிக்கிட்டே சொல்லுச்சு.

"என் வீட்டைப் பாரு, ஊஞ்சலு! நீ ஏறுனா கிளையே முறிஞ்சிரும்."

"முறியும்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மண்ணு தெறிக்கும்."

"நாங்க பின்றோம், நீங்க பிராண்டுறீங்க. ரெண்டும் ஒண்ணாடா?"

மதியம் வரைக்கும் இதே பேச்சு. எலியோட வாலைச் சொல்லி ஒரு சிரிப்பு, மீசையைச் சொல்லி ஒரு சிரிப்பு. எலி பதில் சொன்னாலும் கை நிக்கல. நம்ம ஐயாவுக்கு வாய்தான் நிக்கல. சுள்ளுன்னு வெயிலு. மேல புல்லு வைக்கோலாயிருச்சு.

அப்பத்தான் செவந்தின்னு ஒரு பொட்டைக் குருவி வந்து கூட்டுல உக்காந்துச்சு. சிங்காரம் பதறியடிச்சு மேல பறந்து, றெக்கையை விரிச்சு ஒரு ஆட்டம் போட்டுச்சு.

செவந்தி ஆட்டத்தைப் பாக்கல. ஒரு புல்லை இழுத்துச்சு. படக்குன்னு ஒடிஞ்சுது. இன்னொன்னை இழுத்துச்சு. கூடே பிச்சுக்கிட்டுக் கிணத்துல விழுந்துச்சு.

"காலையில இருந்து என்னய்யா பண்ணுனே?"

"அது வந்து... கீழ ஒரு எலி. அதோட வீடு மட்டம்னு எடுத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"சரி, எலி வீடு மட்டம். நான் முட்டையை எங்க வைக்கிறது, உன் வாய்க்குள்ளயா?"

சொல்லிட்டு செவந்தி பக்கத்துக் கிளைக்குத் தாவிருச்சு. அங்க ஒரு சோப்ளாங்கிக் குருவி பேசாம பின்னிக்கிட்டிருந்துச்சு. அதோட கூட்டை இழுத்துப் பாத்துச்சு, உள்ள நுழைஞ்சிருச்சு.

சிங்காரம் கீழ பாத்துச்சு. தொந்தியப்பன் வளை வாயை மண்ணால அடைச்சுட்டுத் தூங்கப் போயிருச்சு. இனி நக்கலடிக்கவும் ஆள் இல்ல.

தன் வேலையைப் போட்டுட்டு அடுத்தவனை மட்டந்தட்டப் போறவனுக்கு, கடைசியில அவன் வாய் மட்டுந்தான் மிஞ்சும்.