யானைப்புல்

மரகதவல்லி அம்மாவின் மடத்தில் தினமும் மதியம் கம்பங்கஞ்சி ஊற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். பெயரோ ஊரோ கேட்பதில்லை.

மடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கரட்டுமலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, ஒரு கிணறு. அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய சீடர் குஞ்சிதபாதம் அறுபதைத் தாண்டியவர். நகரத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு நாலு நாள் தங்கிப் போகலாம் என்று வந்தார். பிறகு போகவில்லை.

வந்த புதிதில் சமையற்கட்டின் புகைதான் அவர் கண்ணில் பட்டது. சமைக்கிற பெண்கள் இருமிக்கொண்டே கஞ்சி கிண்டினார்கள். விறகுக்காக மலையில் மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. குஞ்சிதபாதம் மடத்து மாடுகளின் சாணத்தையும் எச்சில் இலைகளையும் போட்டு எரிவாயு எடுக்க ஒரு தொட்டி கட்டினார். அடுப்பில் நீலமாகத் தீ எரிந்தது. தொட்டியிலிருந்து வழிந்த கரைசலை வயலுக்கு எடுத்துப்போனார்கள். பயிர் நன்றாக வந்தது.

"நல்ல காரியம் செய்தீர்கள்" என்றார் அம்மா.

அவர் யாரையும் எளிதில் பாராட்டுகிறவர் இல்லை. குஞ்சிதபாதத்துக்கு அன்று இரண்டு வேளைக்குப் பசியே எடுக்கவில்லை.

தொட்டியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அப்படித்தான் அந்த எரிவாயு நிறுவனத்துக்காரர்களும் வந்தார்கள். ஊருக்குக் கிழக்கே பரந்து கிடந்த தரிசை அவர்கள் கேட்டார்கள். அதில் யானைப்புல் போடப்போவதாகச் சொன்னார்கள். ஆளுயரத்துக்கு வளர்கிற புல். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அங்கேயே ஆலை கட்டி, அதை நொதிக்க வைத்து எரிவாயு எடுத்தால் நகரத்துப் பேருந்துகள் புகையில்லாமல் ஓடும். ஊரில் பலருக்கு வேலையும் கிடைக்கும்.

தரிசு ஊருக்குப் பொதுவானது. ஊரார் சம்மதிக்க வேண்டும். ஊரார் குஞ்சிதபாதத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அம்மாவிடம் போனார்.

"டீசல் புகையால் பூமியே சூடாகிறது அம்மா. மழை தப்புகிறது. இதற்கு இதுதான் மருந்து. நம் தொட்டியைப் போலத்தான். கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்."

"அந்த நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது?"

"சும்மா கிடக்கிறது."

"யார் சொன்னது?"

"பார்த்தாலே தெரிகிறதே, அம்மா. முள்ளும் கல்லும்."



"நான் அங்கே ஆடு மேய்த்ததில்லை. மேய்ப்பவர்களைக் கேளுங்கள்."

மறுநாள் காலையில் ஊர்க்கூட்டம் நடந்தது. மேய்ப்பவர்கள் அந்நேரத்துக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. குஞ்சிதபாதம் எழுந்து பேசினார். நல்லெண்ணத்தோடுதான் பேசினார். ஊரார் கை தட்டிச் சம்மதித்தார்கள்.

தரிசைச் சுற்றி வேலி போட்ட வாரத்தில் ராக்காயி என்ற பெண் ஆடுகளோடு வந்து வேலியின் ஓரமாக நின்றாள். கிணறு வெட்டும்போது கால் போன கணவனை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறவள். குஞ்சிதபாதம் அந்த வழியாக வந்தார்.

"சாமி, ஆடு இனி எங்கிட்டுப் போவும்?"

"உனக்கு ஆலையில் வேலை கொடுப்பார்கள், அம்மா. நான் சொல்லிவைக்கிறேன்."

"வேலை இருக்கட்டும் சாமி. மழை பேஞ்சா இதுல பண்ணைக்கீரை கிடைக்கும். காரைப்பழம் கிடைக்கும். அடுப்புக்கு முள்ளு கிடைக்கும். ரேஷன் அரிசி பாதி மாசத்துக்குத்தான் வருது. மீதிப் பாதி மாசம் நாங்க இதுல கெடக்குறதைத்தான் திங்கிறோம்."



"சொல்லிவைக்கிறேன்" என்றார் மறுபடியும்.

சொல்லியும் வைத்தார். ஆலையில் படித்தவர்களைத்தான் எடுத்தார்கள். புல் அறுக்க இயந்திரம் வந்தது.

முதல் வருடம் தரிசு முழுக்கப் பச்சையாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். நகரத்தில் பேருந்துகள் ஓடவும் செய்தன. அது பொய்யில்லை. குஞ்சிதபாதம் போய் ஒரு பேருந்தில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

புல் தண்ணீர் குடித்தது. ஆலைக்காரர்கள் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். அவர்கள் ஆழமாகப் போகப் போக ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கீழே இறங்கியது.

ஆலை வாசலிலேயே புல்லை எடை போட்டு வாங்கினார்கள். யானைப்புல்லைக் குருவி கொத்தாது, பன்றி கிளறாது. அறுவடைக்கு மழை வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கம்பும் சோளமும் விதைத்தவர்கள் ஒவ்வொருவராகப் புல்லுக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அறுவடைக்கு அறுவடை மடத்துக்குக் கம்பு கொண்டுவந்து கொட்டியவர்கள் அவர்கள்தான். புல்லுக்கு மாறிய வருடம் அவர்களுடைய வண்டிகள் வரவில்லை.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. கடையில் தானியத்தின் விலை ஏறியது. ராக்காயி ஆடுகளை விற்றுவிட்டுக் கஞ்சி வரிசைக்கு வந்தாள். அவளைப் போலப் பலர் வந்தார்கள். வரிசை கூடத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, சாலை வரைக்கும் நீண்டது. கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்தது. வரிசையில் வழக்கமாக முன்னால் நிற்கும் சீரங்கன் என்ற முதியவர் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குடிசையில் போய்ப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. வயதாகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள்.

குஞ்சிதபாதம்தான் அவரைக் குளிப்பாட்டினார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அன்றைக்கே ஏன் என்னைத் தடுக்கவில்லை, அம்மா?"

"நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சீரங்கனிடம் நானும் பதில் சொல்ல வேண்டும்."

குஞ்சிதபாதம் அதை எதிர்பார்க்கவில்லை. 

"எனக்குப் புரியவில்லை. நான் கட்டிய தொட்டி நல்லது என்றீர்கள். அதே முறைதான் ஆலையிலும். அதே வாயு. அதே தீ. முதலாவது எப்படிச் சரியானது? இரண்டாவது எப்படித் தவறானது? நடுவில் எந்த இடத்தில் கோடு போட வேண்டும்?"

"தெரிந்தால் என்ன செய்வீர்கள்?"

"அடுத்த ஊரிலும் ஆலை வரப்போகிறது. அங்கே போய்ச் சொல்வேன்."

அம்மா விளக்கிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளை மதியம் நீங்கள் கஞ்சி ஊற்ற வேண்டாம். நான் ஊற்றுகிறேன். நீங்கள் தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். காலையில் எதுவும் சாப்பிடாதீர்கள்."

மறுநாள் குஞ்சிதபாதம் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் சங்கடப்பட்டு விலகினார்கள்.

"முன்னால போங்க சாமி. நீங்க நிக்கலாமா?"

"பரவாயில்லை. நான் இங்கேயே நிற்கிறேன்."

வெயில் ஏறியது. வரிசை நகரவே இல்லை போலிருந்தது. அவருக்குக் கால் வலித்தது. பிறகு வயிறு வலித்தது. தலை லேசாகச் சுற்றியது. முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு பெண் தன் குழந்தைக்கும் சேர்த்து இரண்டு முறை வாங்கியபோது அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

கடைசியில் அவர் முறை வந்தது. அம்மா பானையைச் சாய்த்தார். அடியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. வழித்து எடுத்ததில் ஒரு கரண்டி தேறியது. அதை அவர் தட்டில் ஊற்றினார்.

கஞ்சியின் வாசனையில் அவருக்கு வாய் ஊறியது. தட்டை வாய்க்குக் கொண்டுபோனார்.

அப்போதுதான் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பினார். ராக்காயி நின்றிருந்தாள். வேலை கேட்டு எங்கெங்கோ நடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. அவள் பானையைப் பார்த்தாள், பிறகு அவர் தட்டைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்காதது போலக் கீழே குனிந்துகொண்டாள்.

"அம்மா, பின்னால் ஆள் இருக்கிறது" என்றார் குஞ்சிதபாதம்.

"தெரியும்."

"பானையில் இல்லையா?"

"இல்லை. உங்கள் முறைக்கு உங்களுக்கு ஊற்றினேன். அதை நீங்கள் திருடவில்லை. குடியுங்கள்."

அவரால் குடிக்க முடியவில்லை. தட்டை ராக்காயியிடம் நீட்டினார்.

"வேண்டாம் சாமி. நீங்க பசியா நிக்கிறீங்க."

"வாங்கிக்கொள். என்னால் முடியாது."

அவள் வாங்கினாள். நின்ற இடத்திலேயே குடித்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் கஞ்சியைச் சொட்டு விடாமல் தூக்குச்சட்டியில் ஊற்றினாள். விரலால் தட்டை வழித்து அதையும் சட்டியின் விளிம்பில் தடவினாள். மூடியை அழுத்தி மூடினாள்.

"உனக்கு?" என்று கேட்டார்.

"வீட்டுல அவரு நேத்துலருந்து வெறும் தண்ணிதான் குடிச்சிக்கிட்டு இருக்காரு. நான் நாளைக்கு வெரசா வந்து முன்னால நின்னுக்கிறேன் சாமி."

தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் வெயிலில் நடந்தாள். அவசரமாக நடக்கப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. யானைப்புல் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி, அது போகும்வரை சட்டியை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள்.

குஞ்சிதபாதம் காலித் தட்டோடு நின்றார்.  சாலையில் அவள் தெரியாமல் போனதும் அவர் கண்கள் நிறைந்தன. சட்டென்று தரையில் விழுந்து அம்மாவை வணங்கினார்.

"புரிந்துவிட்டது, அம்மா. தொட்டி எல்லோரும் தின்று மிஞ்சியதை எரித்தது, ஆலை பின்னால் நிற்பவள் பங்கை எரிக்கிறது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது."

அம்மா பானையிலிருந்து தலை நிமிரவில்லை.

"உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் பசிக்கிறது."