ஓட்டைமேல் உட்கார்ந்த தலைவர்

நாணல் குளத்தின் கரையில் ஓர் ஓட்டை விழுந்தது. தண்ணீர் குபுகுபுவென்று வெளியே ஓடியது. மினுக்கி என்ற கெண்டை மீன் பதறி நீந்தி வந்தது. அதன் குஞ்சுகள் நீந்தும் ஓரத்தில் அதற்குள் சேறு தெரிந்தது!

காட்டெருமை மேகராசன் தலைமையில் குளத்தருகே அவசரக் கூட்டம் கூடியது. "அப்பாடா!" என்று மினுக்கி தலையை நீட்டிக் கவனித்தது.

மயில் எழுந்தது. "வீரத்தின் விளைநிலம் தலைவர் அவர்களே! தேன் கண்ட திலகம் கரடியார் அவர்களே! தாவும் தங்கம் அணிலார் அவர்களே!..."

அந்தக் காட்டு வழக்கம் அது. வந்திருக்கும் எல்லாரையும் பட்டம் சொல்லி அழைத்த பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். அழைத்து முடிப்பதற்குள் மயிலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. விஷயம் பேசாமலே உட்கார்ந்தது.

அடுத்து கரடி. எல்லாரையும் அழைத்தது. அணிலை மட்டும் மறந்துவிட்டது.

"ஓகோ! நான் கண்ணுக்குத் தெரியலையா?" என்று அணில் குதித்தது.

"மன்னிக்கணும். முதலிலிருந்து சொல்லிடறேன்!"

குஞ்சுகள் சேற்றில் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. "அண்ணே, குளம் வத்துது!" என்று மினுக்கி கத்தியது.

"முறைப்படி அழைத்துவிட்டுப் பேசம்மா!" என்றார் மேகராசன்.

மினுக்கி யோசித்தது. "சரிங்கண்ணே. குளம் காக்கும் கோமகன் தலைவர் அவர்களே! குளத்துக்காகக் கூட்டம், நீங்கள் ஒதுங்கி உட்காரலாமா? அதோ, கரையில் அந்தப் பள்ளம் உங்கள் உடம்புக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு!"

மேகராசனுக்கு வாயெல்லாம் பல். போய் ஓட்டையில் தொம்மென்று உட்கார்ந்தார். தண்ணீர் நின்றது!

கரடி மறுபடி தொடங்கியது. "வீரத்தின் விளைநிலம்..."

தலைவர் நெளிந்தார். பின்பக்கம் சில்லிட்டது. போதாக்குறைக்கு, மினுக்கியின் குஞ்சுகள் வாலைக் கொறித்துக் கிச்சுக்கிச்சு மூட்டின.

"விளைநிலமெல்லாம் அப்புறம்!" என்று அலறினார். "இந்த ஓட்டையை யார் அடைக்கறது? அதைச் சொல்லுங்க!"

"நான் கல் உருட்டறேன்!" என்றது கரடி.

"நான் களிமண்ணைக் கிளறித் தர்றேன்!" என்றது மயில்.

"காய்ந்த புல் என் பொறுப்பு!" என்றது அணில்.

கரையின் வெளிப்பக்கத்தில் வேலை மளமளவென்று நடந்தது. பொழுது சாய்வதற்குள் ஓட்டை அடைபட்டது. மேகராசன் எழுந்து வாலைப் பிழிந்துகொண்டார். குஞ்சுகள் துள்ளி விளையாடின.

மயில் நன்றி சொல்ல எழுந்தது. "வீரத்தின்..."

"கூட்டம் முடிந்தது!" என்று கத்திக்கொண்டே தலைவர் ஓட்டம் பிடித்தார்.

நீதி: எதற்காகக் கூடினோமோ அது தலைவரையும் சுட்டால்தான், கூட்டத்தில் பேச்சு குறைந்து வேலை நடக்கும்.