வில்லில் எத்தனை முடி

அன்று அந்த மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வயலின் கற்றுக்கொடுக்கும் சௌதாமினி, வயது முப்பத்தொன்பது. அவரிடம் பதினான்கு மாதமாகக் கற்றுக்கொள்ளும் ஆசிர்வாதம், வயது அறுபத்தொன்று. ஆசிர்வாதத்தின் மனைவி ரூத், பாட வந்தவர். மிருதங்கத்துக்குப் பரமகுரு. சுருதிப்பெட்டியையும் ஆளாக எடுத்துக்கொண்டால் ஐந்து பேர் என்று பரமகுரு சொன்னார். எடுத்துக்கொள்ளவில்லை.

ஆசிர்வாதம் புதிதாக வில் பிடித்தவர் அல்ல. சினிமா ரெக்கார்டிங்கில் முப்பத்துநான்கு வருஷம் வயலின் வாசித்தவர். முப்பது வயலின்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே வரியை ஒரே நேரத்தில் வாசிக்கும். அவருக்கு மூன்றாவது வரிசையில் இரண்டாவது நாற்காலி. பாடுகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார். சில பாட்டுக்கு அன்றைக்கு வந்திருக்கவே மாட்டார். ஒரு குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது மட்டும் ஆசிர்வாதத்துக்குப் பழக்கமில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ரூத்துக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு பேசினால் காற்றுத்தான் வந்தது. குரல் வருமோ வராதோ என்றிருந்த நான்காவது மாதத்தில் ஆசிர்வாதம் இங்கே வந்து சேர்ந்தார். "உனக்குக் குரல் வந்ததும் நான் பக்கத்துல உக்காந்து வாசிக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

குரல் வந்தது. பாதிதான் வந்தது. கூட ஒரு வாத்தியம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். இல்லாவிட்டால் சுருதி நழுவிவிடும்.

இன்னும் இருபத்திரண்டு நாளில் அவர்கள் சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. ரூத் ஒரு கீர்த்தனை பாடுவதாகப் பெயர் கொடுத்திருந்தார். பல்லவியும் மூன்று சரணமும். நிகழ்ச்சித்தாள் அன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. வீட்டில் இரண்டு தடவை சேர்ந்து பார்த்து, இரண்டு தடவையும் பாதியில் நின்றிருந்தது. அதனால்தான் டீச்சர் வீட்டுக்கே வந்திருந்தார்கள்.

மணி பத்தரைக்கு, ஆசிர்வாதத்தின் வயலினோடு ரூத் பல்லவியைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் நிறுத்தினார்.

"என் குரல் எனக்கே கேக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மூணு தடவை பாத்தாச்சுங்க. சாயங்காலம் போதகருக்குப் போன் பண்ணி என் பேரை எடுத்துடச் சொல்லிடறேன். அப்புறம் பாட்டுப் பேச்சே வேணாம். வீட்டுலயும் வேணாம்."

"மெல்லத்தானே வாசிச்சேன், ரூத்."

"அண்ணே, அது முப்பது வயலினுக்கு நடுவுல மெல்ல" என்றார் பரமகுரு. "நான் தலகாணியத் தட்டற மாதிரி தட்டிட்டு இருக்கேன். நான் வாசிக்கிறனா இல்லியான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

ஆசிர்வாதம் வயலினை மடியில் சாய்த்தார். சௌதாமினியைப் பார்த்தார்.

"எவ்வளவு மெல்ல வாசிச்சாப் போதும், டீச்சர்?"

சௌதாமினி எழுந்தார். ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ரூத்திடம் கொடுத்தார். பிறகு கேட்டார்: "உங்க வில்லுல எத்தனை முடி இருக்கு, சார்?"

ஆசிர்வாதத்துக்குத் தெரியவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வில்லுக்குக் குதிரைமுடி மாற்றிக் கட்டுகிறவர். ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

"எண்ணுங்க."

"இப்பவா?"

"அக்கா வெந்நீர் குடிச்சு முடிக்கட்டும்."

அவர் வில்லின் திருகைத் தளர்த்தினார். முடிகள் தொளதொளவென்று தொங்கின. விரலுக்கு அகப்படவில்லை. ரூத் தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கொடுத்தார். ஆசிர்வாதம் ஊசி நுனியால் ஒவ்வொன்றாக விலக்கி எண்ணினார். நூற்றி அறுபத்தெட்டு வந்தது. நூற்றி அறுபத்தேழு என்றார் பரமகுரு. மறுபடியும் எண்ணினார்கள். நூற்றி அறுபத்தெட்டுதான்.

"குதிரை வாலை எண்ணறதுக்கு முப்பத்திரண்டு படி ஏறி வந்தோம்" என்றார் பரமகுரு.

சௌதாமினி மேஜையைத் திறந்து சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்து வந்து ஆசிர்வாதத்தின் கையில் வைத்தார்.

"இந்த ஓரத்துல பத்து, அந்த ஓரத்துல பத்து வெட்டுங்க. ஒரே பக்கமா வெட்டினாக் குச்சி கோணிக்கும்."

"டீச்சர், போன மாசந்தான் முடி கட்டினேன்."

"தெரியும் சார்."

அவர் வெட்டினார். நூற்றி நாற்பத்தெட்டு. வில்லை முறுக்கி வாசித்தார். ரூத் பாடினார். இரண்டாவது அடியில் நின்றார்.

"கேட்டுதா அக்கா?"

"எங்க வீட்டுக்காரர் வாசிச்சதுதான் கேட்டுது."

இன்னும் இருபது வெட்டினார். நூற்றி இருபத்தெட்டு. இரண்டாவது அடி முடிந்து நின்றது. இன்னும் இருபது. நூற்றியெட்டு. இந்தத் தடவை சத்தம் குறைந்ததை ஆசிர்வாதத்தின் காது பொறுத்துக்கொள்ளவில்லை. குறைந்ததைக் கை அழுத்திச் சரிக்கட்டப் பார்த்தது. குச்சி கம்பியில் பட்டுக் கரகரத்தது. மூன்று முடி தானாக அறுந்து பறந்தது.

"நூற்றைந்து" என்றார் பரமகுரு.

ரூத் எழுந்தார். "வேணாம் டீச்சர். இவரைக் கஷ்டப்படுத்த வேணாம். முப்பத்துநாலு வருஷமா பழகின கை. எனக்காக அதை மாத்த முடியுமா?"

"ஒரே நிமிஷம் அக்கா" என்றார் சௌதாமினி. ஆசிர்வாதத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இந்த வாத்தியம் பிறந்த ஊர்ல இதைக் கல்யாண வீட்டுல ஆடறவங்களுக்கு வாசிப்பாங்களாம். நூறு பேர் தரையை மிதிச்சு ஆடற எடத்துல எல்லாருக்கும் கேக்கணும். அந்த வேலைக்கு ஏத்த தொண்டை இதுக்கு. அப்புறம் கப்பல் ஏறி இங்க வந்துச்சு. வெள்ளைக்காரங்க பேண்டுல நின்னுட்டே வாசிச்சாங்க. நம்ம ஆளுங்க அதைக் கேட்டாங்க, ஆசைப்பட்டாங்க, வாங்கிட்டு வந்து தரையில உக்கார வெச்சாங்க. நெஞ்சுல ஒரு முனை, கால்ல ஒரு முனை. பக்கத்துல ஒருத்தர் பாடறார். ஆடற கூட்டம் இல்ல. ஒரே ஒரு தொண்டை."

"அது எப்படி டீச்சர் கத்துக்கிச்சு?"

"ஒரு நாள்ல இல்ல. ரெண்டு மூணு தலைமுறை ஆயிருக்கும். உங்களுக்குப் பதினாலு மாசந்தான் ஆகுது."

பரமகுரு சிரித்தார். ஆசிர்வாதம் சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடினார்.

"கைப்பழக்கம் மட்டும் இல்ல டீச்சர்" என்றார். குரல் தணிந்திருந்தது. "முப்பது பேர்ல ஒருத்தனா வாசிச்சேன். ஒருநாள் கம்பி அறுந்துடுச்சு. பாட்டு முடியற வரைக்கும் வில்லைச் சும்மா அசைச்சிட்டு இருந்தேன். யாருக்கும் தெரியல. பாட்டு வெளிவந்துச்சு, ஊரெல்லாம் கேட்டுச்சு, அதுல நான் இல்ல. யாருக்கும் தெரியல. இந்த ஒரு தடவை, எங்க ஜனங்க முன்னால, இது ஆசிர்வாதம் வாசிக்கிறதுன்னு கேக்கணும்னு நினைச்சேன்."

ரூத் எழுந்தவர் அப்படியே நின்றார். இதை ஆசிர்வாதம் வீட்டில் சொன்னதில்லை. கைப்பையைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார்.

"வெட்டுங்க" என்றார் ரூத்.

அதன்பிறகு ஆசிர்வாதம் பத்துப் பத்தாக எண்ணவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கத்தரி போன வரைக்கும் போனார். வெட்டிய முடி பாய் மேல் வெள்ளையாகக் கிடந்தது. வில்லைத் திருகி விரலால் தொட்டுப் பார்த்தார். முன்பு நாடா அகலம் இருந்தது, இப்போது சணல்கயிறு அகலம்தான் இருந்தது.

ரூத் தொடங்கினார்.

அழுத்தினால் குச்சி உரசும். அதனால் அவரால் அழுத்த முடியவில்லை. வேகமாக இழுத்தால் முடி அறுந்துவிடும். இழுக்கவும் முடியவில்லை. வில்லைக் கம்பி மேல் வைத்து, ரூத் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனார். வேறு செய்வதற்கு அந்த வில்லில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது அடி போயிற்று. பல்லவி முடிந்தது. முதல் சரணத்தில் ரூத்தின் குரல் மேலே ஏறப் பார்த்து, ஒரு படி கீழே நின்று, அங்கேயே ஒரு சுற்று சுற்றிக்கொண்டு இறங்கியது. ஆபரேஷனுக்கு முன்பு அவர் அந்த இடத்தில் நேராக மேலே போய்விடுவார். இந்தச் சுற்று புதிது. நாலு மாதமாக இதையே வீட்டில் பாடியிருக்க வேண்டும். ஆசிர்வாதம் இப்போதுதான் கேட்டார். அதையே திருப்பி வாசித்தார். இரண்டாவது சரணத்தில் ரூத் ஓர் இடத்தில் மூச்சு வாங்கினார். வயலினும் நின்றது. இரண்டும் சேர்ந்து தொடங்கின.

மூன்று சரணமும் முடிந்தது. பரமகுரு மிருதங்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து நாதத்தை அடக்கினார்.

"உங்க குரல் கேட்டுதா அக்கா?" என்றார் சௌதாமினி.

"கேட்டுது."

"அவர் வாசிச்சது?"

ரூத் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் கேட்டுது. மொதல் சரணத்துல அந்தச் சுத்தை எடுத்துக்கிட்டார். ரெண்டாவது சரணத்துல என்கூடவே மூச்சு வாங்கினார். மூணாவதுல ஒரு விரல் கொஞ்சம் தள்ளி விழுந்துச்சு, உடனே சரி பண்ணிட்டார்." பிறகு சொன்னார்: "பேர் இருக்கட்டும். போன் பண்ணல."

ஆசிர்வாதம் வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சொன்னது அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், எங்க சர்ச்சு பெருசு. முந்நூறு பேர் உக்காருவாங்க. மைக் பாடறவங்களுக்கு மட்டுந்தான். இந்த வில்லை எடுத்துட்டுப் போனா நான் வாசிக்கிறது யாருக்குக் கேக்கும்?"

சௌதாமினி பாயில் கிடந்த முடிகளைக் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்தார்.

"முந்நூறு பேருக்கு அக்கா பாடுவாங்க. உங்க வாசிப்பை விரல் தப்பினது வரைக்கும் ஒருத்தர் கேட்டுச் சொன்னாங்க. முப்பத்துநாலு வருஷத்துல அந்த மாதிரி எத்தனை பேர் கேட்டிருக்காங்க, சார்?"

ஆசிர்வாதம் வில்லை மடியில் வைத்தார். வில்லின் திருகைத் தளர்த்தினார். ரூத்திடம் கை நீட்டி, கொண்டை ஊசியை மறுபடி வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த முடிகளை ஒவ்வொன்றாக விலக்கி எண்ணினார்.

நாற்பத்தொன்று.