ராஜாவின் பீங்கான் பல்

குன்றூரை ஆண்ட வீரமல்ல ராஜாவை எந்த எதிரியாலும் அசைக்க முடியவில்லை. கடைசியில் ராணியம்மாள் தன் கையால் பிடித்த, கல்லாய் இறுகிய பொருவிளங்காய் உருண்டைதான் அவருடைய முன்பல்லைப் பாதியாக உடைத்தது.

மிச்சம் நின்ற பாதிப் பல்லின்மேல் ஓர் உறை மாட்ட வேண்டும். "தங்கத்தில் போடலாம், வாயைத் திறந்தால் மின்னும்," என்றார் அரண்மனை வைத்தியர் சிவசம்பு.

"எனக்கு மின்ன வேண்டாம். உடைந்ததே தெரியக் கூடாது," என்றார் ராஜா.

ஆகவே பீங்கான் வேலை செய்யும் பொன்னுரங்கத்தை அழைத்து வந்தார்கள். வைத்தியருக்கு வயிறு எரிந்தது.

பொன்னுரங்கம் வெள்ளந்தி. ராஜாவோ நாள் முழுக்க வெற்றிலை மெல்லுகிறவர். தொழில் முறைப்படி பக்கத்துப் பல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் காவியும் சேர்த்தால் பொருந்திவிடும் மகாராஜா," என்று சொல்லிவிட்டான்.

சபையில் எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"முத்துப் பல்லைப் போய்க் காவி என்கிறானே பாவி," என்று வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "முத்தேதான், முத்தேதான்," என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

ராஜாவின் முகம் சிவந்தது. "முத்து நிறத்திலேயே செய். எது போலி என்று ஒருவன் கண்டுபிடித்தாலும் உன் கைவிரல் பத்தும் போய்விடும்."

செய்தான். மாட்டிய பிறகு பார்த்தால், பாசி பிடித்த சுவரில் ஒரே ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது.

மறுநாள் சபை கூடியதும் வைத்தியர் முந்திக்கொண்டார். "மகாராஜா, எது போலி என்று குருடனுக்கும் தெரியும்."

பொன்னுரங்கம் விரல்களை மடக்கிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டான். தெய்வம் வருமுன் எழுந்தவர் ராஜாவின் விகடகவி திருவாழி.

"எப்படித் தெரியும் வைத்தியரே? சபைக்கும் சொல்லுங்கள்."

"அது ஒன்றுதானே வெள்ளையாக..." வைத்தியரின் வாய் பாதியில் நின்றது.

"சொல்லுங்கள். அது ஒன்றுதான் வெள்ளை என்றால் மற்றவை என்ன நிறம்? அன்றைக்கு முத்து என்றீர்களே."

வைத்தியர் ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "எல்லாமே முத்துதான்."

"அப்படியானால் போலி எது?"

"தெரியவில்லை ஐயா. எனக்குக் கண் கொஞ்ச நாளாக மங்கல்."

"வேறு யாருக்காவது தெரிகிறதா?"

சேனாதிபதி கூரையைப் பார்த்தார். புரோகிதர் கண்ணை மூடி மந்திரம் முணுமுணுத்தார்.

"ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை மகாராஜா. அவன் விரல் அவனுக்கே," என்றார் திருவாழி.

ராஜா கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, வெகுநேரம் பல்லைக் காட்டிப் பார்த்தார். பிறகு சபை அதிரச் சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பொன்னுரங்கத்துக்குப் போர்த்தி, "நீ முதலில் சொன்ன நிறத்திலேயே வேறொன்று செய்துவிடப்பா," என்றார்.

அவருக்கு இன்னும் ஒரு சபலம். "ஏன் திருவாழி, பேசாமல் மீதிப் பல்லையும் பீங்கானாக்கி வெள்ளையாக்கிவிட்டால் என்ன?"

"வேண்டாம் மகாராஜா. இந்தச் சபையில் நிஜமாக மிச்சமிருப்பது அந்தப் பற்கள் மட்டும்தான்."